டிக்காலை ஒரே பகலில் முடிக்காதீர்கள்: பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்க் குடும்பங்களை மத்திய அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்கு மெக்சிகோ, பெலீஸ், குவாத்தமாலா என்று கிளம்பும்போது நிரல் போட்டுக் கொடுப்பவர்கள் நீங்கள். கடற்கரை நாட்களுக்கு நடுவே, குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டுக்குள் இருக்கும் பழைய மாயா நகரமான டிக்காலுக்கும் ஒரு நாள் ஒதுக்குகிறீர்கள். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று சொல்லி விற்கிறீர்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, எட்டு வயதில் ஒரு பிள்ளை, ஐந்து வயதில் ஒரு பிள்ளை என்று வரும் குடும்பத்துக்கு அந்தப் பகல் போதவும் போதாது, பாதுகாப்பும் இல்லை. ஒரு இரவு காட்டோரத்தில் தங்கவையுங்கள். முதல் நாள் பிற்பகலில் ஒரு முறை, மறுநாள் விடிந்ததும் ஒரு முறை என்று இரண்டு தடவை உள்ளே அனுப்புங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். காரணத்தையும் வழியையும் விவரமாக எழுதுகிறோம்.

ஒரு நாள் பயணத்தை மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். குவாத்தமாலா நகரத்திலிருந்து விடியற்காலை விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சாந்தா எலேனா. அங்கிருந்து டிக்கால் சுமார் 64 கிலோமீட்டர். அதில் கடைசி 17 கிலோமீட்டர் பூங்கா எல்லைக்குள் போகிறது. அங்கே வேக வரம்பு மணிக்கு 45 கிலோமீட்டர். ஜாகுவார், பாம்பு, வான்கோழி குறுக்கே வரும் என்று படம் போட்ட பலகைகள் வழிநெடுக நிற்கும். ஓட்டுநரை அவசரப்படுத்த முடியாது, அவசரப்படுத்தவும் கூடாது. சீட்டு, கழிப்பறை, தொப்பி தேடல் எல்லாம் முடிந்து நடக்கத் தொடங்கும்போது மணி 10 ஆகிவிடும். பெலீஸின் சான் இக்னாசியோவிலிருந்து வருகிறவர்களுக்கும் அதே கணக்குதான். மெல்ச்சோர் தெ மென்கோஸ் எல்லையில் முத்திரைக்கு நிற்கும் நேரம் காலையைத் தின்றுவிடும். வாசலிலிருந்து பெரிய முற்றம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். பெரியவர்கள் 20 நிமிடத்தில் நடந்துவிடலாம். ஐந்து வயதுக் கால்களுக்கு 35 நிமிடம் வையுங்கள். ஆக, குழந்தைகள் அந்தத் திறந்த புல்வெளியில் நிற்கப்போவது 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில்.

அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது? டிக்கால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 17 பாகையில் இருக்கிறது. மே மாதத் தொடக்கத்திலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 35 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை உலராது, உடம்பு குளிராது. சுண்ணாம்புக் கல் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். குரங்குகளும் பறவைகளும் இலைக்கூட்டத்துக்குள் ஒடுங்கியிருக்கும். முற்றத்தில் மேற்கு பார்த்து நிற்கும் முதலாம் கோயிலின் (இங்கே பிரமிடு கோயில்களை எண்ணால்தான் அழைக்கிறார்கள்) முகத்தில் அப்போது நல்ல வெளிச்சமும் விழாது. மிருகம் இல்லை, நிழல் இல்லை, படத்துக்கும் ஒளி இல்லை. தலைவலியும் அழுகையும் மட்டும் மிஞ்சும். பிறகு நான்காம் கோயிலையும் விட்டுவிடக் கூடாது என்று ஓட்டமும் நடையுமாகப் போய், களைத்த கால்களோடு உயரமான படிகளில் ஏறி இறங்குவார்கள். சறுக்கல்களுக்கு ஏற்ற வேளை அதுதான்.

இதற்குப் பதிலாக நாங்கள் சொல்லும் நிரல் இது. முதல் நாள் நண்பகலுக்குள் குடும்பம் ஃப்ளோரெஸிலோ சாந்தா எலேனாவிலோ வந்து சேரட்டும். பணம் எடுப்பதை அங்கேயே முடித்துக்கொள்ளட்டும். காட்டுக்குள் வங்கி அட்டையை நம்பக் கூடாது. 1 மணிக்குப் பூங்கா நோக்கிப் புறப்பாடு, இரண்டரைக்கு அறை, 3 மணிக்கு உள்ளே. மூன்றரை மணிக்குப் பெரிய முற்றம். சாயும் வெயில் முதலாம் கோயிலின் முகத்தில் நேராக விழும் நேரம் அது. 47 மீட்டர் உயரமான அந்தக் கோயிலில் ஏற அனுமதி இல்லை. எதிரே சுமார் 38 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரண்டாம் கோயிலில் பக்கவாட்டு மரப்படி வழியாக ஏறலாம். அங்கிருந்து முதலாம் கோயிலைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். முதல் நாளுக்கு இது போதும். பூங்கா மாலை 6 மணிக்கு மூடும் என்றாலும் டிசம்பரில் ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்கு அடியில் அதற்கும் முன்னதாகவே இருட்டும். ஆகவே டிசம்பர், ஜனவரிப் பயணங்களுக்குத் திரும்பும் நேரத்தை 4.45 என்று அச்சிடுங்கள். ஜூன், ஜூலையில் 5.15 வரை நிற்கலாம்.

மறுநாள் காலை 6 மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போக வேண்டும். பிள்ளைகள் வயிற்றில் பாலும் ரொட்டியுமாவது இருக்கட்டும். முதலில் வாசலுக்கு அருகிலிருக்கும் இரட்டைப் பிரமிடுகள், பிறகு நான்காம் கோயில், அங்கிருந்து இறங்கி 'தொலைந்த உலகம்' என்று பெயர்பெற்ற பழைய வளாகம், பத்தரைக்குள் வெளியே. அதற்குள் ஊளைக்குரங்கின் குரல் கேட்டிருக்கும், டூக்கான் பறந்திருக்கும், சிலந்திக்குரங்கு தலைக்கு மேல் தாவியிருக்கும். வெயில் ஏறும்போது குழந்தைகள் அறையில் குளித்துக்கொண்டிருப்பார்கள். சீட்டு நாளுக்கு ஒன்று. வெளிநாட்டவருக்குப் பல ஆண்டுகளாக 150 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்). இரண்டு நாள் சீட்டையும் உங்கள் விலைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். வாசலில் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்ற மனக்கசப்போடு எந்தக் குடும்பமும் உள்ளே போக வேண்டாம்.

சூரிய உதயச் சுற்றுலாவைப் பற்றி ஒரு வார்த்தை. தனிக் கட்டணம் வாங்கி, அதிகாலை 4 மணி இருட்டில் நான்காம் கோயிலுக்கு அழைத்துப்போகும் ஏற்பாடு அது. பெரியவர்களுக்கு நல்ல அனுபவம். ஆனால் பல நாட்களில் மூடுபனி சூரியனை மறைத்துவிடும். மூன்றரை மணிக்கு எழுப்பப்பட்ட குழந்தைக்குக் காத்திருந்தும் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்கச் சிணுங்கல்தான். 12 வயதுக்குக் கீழே யாருக்கும் அதை விற்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். டிக்காலுக்கு ஆறு கிடையாது. சுண்ணாம்புக் காரை பூசிய முற்றங்களைச் சரிவாக அமைத்து, விழுந்த மழையையெல்லாம் குளங்களுக்கு வழித்துவிட்டு, அதை நம்பி வாழ்ந்த மாநகரம் அது. கோரியென்டால் என்ற நீர்த்தேக்கத்தில் ஜியோலைட் கனிமத்தைக் கொண்டு தண்ணீரை வடிகட்டியதற்கான தடயத்தையும், அரண்மனைப் பக்கத்துத் தேக்கங்களில் பாதரசமும் நச்சுப்பாசியும் கலந்திருந்ததையும் 2020-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சிவப்புச் சாயத்துக்குப் பயன்பட்ட இங்குலிகம்தான் பாதரசத்துக்கு மூலம். ஏரி, குளம் வெட்டி வாழ்ந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும், வழிகாட்டியிடம் சொல்லி வையுங்கள். இன்றைய குடும்பத்துக்கு இதிலுள்ள பாடம் எளியது: குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரு நுழைவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர், 6 முதல் 12 வயதுக்கு ஒன்றரை லிட்டர், அதற்குக் கீழே 1 லிட்டர். குழந்தை தாகம் என்று சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 100 முதல் 250 மில்லி.

உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் குடும்பத்துக்கு நான்கு கொடுத்தனுப்புங்கள். இதில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் மோசமானது: 1 லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் குப்பியில் கொட்டிவிடுகிறார்கள். உப்பு இரட்டிப்பாகிக் குழந்தை வாந்தி எடுக்கும், உடம்பிலிருந்து இன்னும் நீர் போகும். பொட்டலம் இல்லாத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான நீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குழந்தை எரிச்சலாக, மந்தமாக, தலைவலி என்று சொன்னால் அங்கேயே நிழலில் உட்காரவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிற வேண்டும். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்துக் குழப்பம் தெரிந்தாலோ அது வெப்பத்தாக்கு. தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே வாகனத்துக்குத் தூக்கிப்போக வேண்டும். சாந்தா எலேனாவை ஒட்டிய சான் பெனித்தோ மருத்துவமனைக்கு அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தத் தொலைவை மனத்தில் வைத்துத்தான் நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

படிகளில் விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். நிழலில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லில் பாசி படரும். ஒரு தூறல் போதும், சோப்புத் தேய்த்த தரை மாதிரி வழுக்கும். விடியற்காலைப் பனியில் மரப்படிகளுக்கும் அதே குணம். அடித்தட்டில் பிடிப்புள்ள, கால்விரலை மூடிய காலணி கட்டாயம். செருப்போடு வருகிறவர்களை உங்கள் ஆட்கள் வண்டியில் ஏற்றுமுன் பார்த்துச் சொல்லிவிடட்டும். ஏறும்போது பெரியவர் குழந்தைக்குப் பின்னால், இறங்கும்போது குழந்தைக்கு முன்னால். அதாவது எப்போதும் ஒரு படி கீழே. கைப்பிடி இருக்கும் பக்கம் குழந்தையின் பக்கம். நான்கு வயதுக்குக் கீழே என்றால் ஏற்ற வேண்டாம். பெற்றோர் இருவரும் மாறி மாறி ஏறட்டும், ஒருவர் கீழே குழந்தையோடு இருக்கட்டும். முதுகுத்தூளியில் குழந்தையைச் சுமந்துகொண்டு படி இறங்குவது தவறு: சுமை பின்னுக்கும் மேலுக்கும் போவதால் ஒரு சின்னச் சறுக்கலே ஆளைக் கவிழ்த்துவிடும். நான்காம் கோயிலின் உச்சியில் மேடை குறுகலானது. மேலே போனதும் முதல் வேலை உட்காருவது, படம் எடுப்பது பிறகு. குழந்தைவண்டியை ஊரிலேயே விட்டு வரச் சொல்லுங்கள். வேரும் சரளையுமான பாதையில் அதன் சக்கரம் ஐந்து நிமிடம் தாங்காது.

சறுக்கும்போது கை தானாகப் பக்கத்து மரத்தைப் பிடிக்கும். அதனால்தான் மரங்களைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. எஸ்கோபோ என்ற குட்டைப் பனையின் தண்டு முழுக்க ஊசி முட்கள். பிடித்த கையில் பத்துப் பதினைந்து முள்ளாவது ஏறி உடைந்து நிற்கும். கூர்மையான இடுக்கி ஒன்று மருந்துப்பையில் இருக்கட்டும். மாட்டுக்கொம்பு போல இணைமுள் கொண்ட வேலமரத்தின் முள்ளுக்குள் எறும்புகள் குடியிருக்கும். கிளையைத் தொட்டாலே படையாக இறங்கிக் கடிக்கும். எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது செச்சேம் மரம். பட்டையில் கறுப்பாகப் பால் வடிந்து காய்ந்திருப்பது அடையாளம். மா, முந்திரி, சேங்கொட்டை வகைக் குடும்பத்து மரம் இது. முந்திரிக்கொட்டைத் தோட்டின் பால் பட்டால் தோல் வெந்துபோவது நம்மவர்களுக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான். பட்ட சில நிமிடங்களுக்குள் சோப்பும் ஏராளமான தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். துணியைத் தனியே துவைக்க வேண்டும். செம்பட்டை உரியும் சாக்கா மரத்தின் சாறு இதற்கு மாற்று மருந்து என்று உள்ளூரில் சொல்வார்கள். அதைத் தேடிப் போய்க் கழுவும் நேரத்தை இழந்துவிடக் கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரே விதி: வழிகாட்டி தொடச் சொன்ன மரத்தை மட்டும் தொடு.

அவர் தொடச் சொல்லும் மரங்களில்தான் இந்தப் பயணத்தின் சுவையே இருக்கிறது, அதுவும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு. வாசலைத் தாண்டியதும் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கும் செய்பா மரம் வேறொன்றுமில்லை, இலவ மரம்தான்! வீட்டுத் தலையணைக்குள் இருக்கும் இலவம்பஞ்சு இதன் காயிலிருந்து வருவது. மாயர்களுக்கு இது பாதாளத்தையும் பூமியையும் வானத்தையும் இணைக்கும் உலக மரம். குவாத்தமாலாவுக்குத் தேசிய மரம். இலவு காத்த கிளியின் கதையைப் பாட்டி அந்த மரத்தடியில் சொல்லட்டும், தலைக்கு மேலேயே பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டிருக்கும். இன்னொன்று சப்போட்டா. டிக்கால் கோயில்களின் வாசல் உத்தரங்கள் சப்போட்டா மரத்தில் செதுக்கியவை. இரும்பு போன்ற அந்த மரம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் தாங்கியது. நான்காம் கோயிலின் செதுக்கு உத்தரங்கள் இன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே மரத்தின் பால்தான் சிக்ளே, அந்தக் காலத்து மெல்லும் கோந்து. பால் இறக்கியவர்கள் போட்ட கோணல்மாணல் வெட்டுத்தழும்புகளைப் பழைய மரங்களில் விரலால் தடவிப் பார்க்கலாம். அவர்கள் காட்டில் அலைந்ததால்தான் புதைந்த நகரங்கள் பல வெளியுலகத்துக்குத் தெரியவந்தன. 'சப்போட்டா' என்ற சொல்லும் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் பிறந்து ஸ்பானிய மொழி வழியாக நம் பழக்கடைக்கு வந்ததுதான்.

உயரத்தைப் பிள்ளைகளுக்கு மீட்டரில் சொன்னால் ஏறாது. நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர், ஏறக்குறைய தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் என்று சொல்லுங்கள். யிக்கின் சான் கவீல் என்ற அரசர் காலத்தில் 741 வாக்கில் எழுந்தது. இரும்புக் கருவி இல்லை, சுமக்க மாடு இல்லை, சக்கரவண்டி இல்லை. தீக்கல்லால் வெட்டி மனிதத் தலையிலும் முதுகிலும் சுமந்து எழுப்பினார்கள். இப்போது வெறும் கல்லாகத் தெரிந்தாலும் அன்று காரை பூசிச் சிவப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். உள்ளறைகள் ஏன் இவ்வளவு குறுகல் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அறைக்குள் கொண்டுபோகும் பிஸ்கட் பொட்டலத்தை வைத்தே காட்டிவிடலாம்: இரண்டு அடுக்கு வைத்து, ஒவ்வொரு பிஸ்கட்டையும் கொஞ்சம் உள்பக்கமாகத் துருத்தி அடுக்கிக்கொண்டே போய் மேலே ஒன்றால் மூட வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே இடைவெளியை அகலமாக்கினால் சரிந்துவிடும். மாயர் வளைவு இப்படிப்பட்டதுதான், அதனால்தான் அறையை அகலமாக்க முடியவில்லை.

எண்கள் இன்னும் எளிது. புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி வடிவம் பூச்சியம், இருபதின் அடுக்கில் எண்ணல். இரட்டைப் பிரமிடு வளாகத்தில் நிற்கும் 22-ஆம் எண் கற்பலகை 771-ஆம் ஆண்டு ஒரு காத்துன் நிறைவுக்காக நட்டது. காத்துன் என்றால் 7,200 நாள், ஏறத்தாழ 20 ஆண்டு. முந்தைய இரவு அறையில் 1 முதல் 19 வரை எழுதிப் பழகிய பிள்ளை, மறுநாள் காலை அந்தக் கல்லில் கோடும் புள்ளியும் எண்ணிப் பார்க்கும். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய கல்லைத் தானே படித்துவிட்டு நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இரண்டு நாள் கொடுக்கலாம்.

இங்கே உங்கள் விளம்பரத் தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாயர்கள் மர்மமாக மறைந்துபோனார்கள் என்று அச்சிடுவதை நிறுத்துங்கள். டிக்காலில் கடைசித் தேதியிட்ட கற்பலகை 869-ஐச் சேர்ந்தது, அதற்குப் பின் நகரம் காலியானது, மக்கள் காலியாகவில்லை. குவாத்தமாலாவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் இன்று வீடுகளில் பேசப்படுகின்றன. உங்கள் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறவரும் வண்டி ஓட்டுகிறவரும் கெக்சி மொழி பேசுகிறவராக இருக்கலாம். பெரிய முற்றத்தில் நெருப்பு வளர்த்து வழிபடுகிறவர்கள் வேடிக்கை காட்டவில்லை. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அதேபோல் மயனும் மாயரும் ஒன்று, இது தமிழர் கட்டியது என்று வண்டியில் ஒலிபெருக்கியில் சொல்வதும் வேண்டாம். மாயா என்பது யுகாத்தான் மக்களின் பெயரிலிருந்து வந்தது. அகழ்வாய்வில் அப்படி ஒரு தொடர்புக்குச் சான்று எதுவும் இல்லை. கல்லைத் துருத்தி அடுக்கும் முறை தமிழகக் கோயில்களிலும் உண்டு, இரு மக்களும் தனித்தனியாகக் கண்ட வழி அது. அந்த உண்மையே பிள்ளைகளுக்கு வியப்புக் கொடுக்கப் போதுமானது.

பூச்சிகளுக்கு வருவோம். முழுக்கை, முழுக்கால் உடை, கால்சட்டை நுனி காலுறைக்குள். உண்ணியும் கண்ணுக்குத் தெரியாத சிவப்புச் சிற்றுண்ணியும் புல்லிலிருந்து ஏறுபவை. புல்வெளியில் உட்கார விரிப்பு வேண்டும். கொசுவிரட்டி 20 முதல் 30 விழுக்காடு டீட் (DEET) என்ற வேதிப்பொருள் உள்ளதாக இருக்கட்டும். முதலில் வெயில்தடுப்புக் களிம்பு, அது காய்ந்த பிறகு விரட்டி. குழந்தையின் உள்ளங்கையில் பூசக் கூடாது, அது வாய்க்கும் கண்ணுக்கும் போகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு விரட்டியே கூடாது, கொசுவலைதான். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்குப் பிறகே. கைக்காப்பு வடிவில் விற்கும் விரட்டிகளால் பயனில்லை. டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் மாலை வந்ததும் பூசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. கர்ப்பிணிகள் ஜிக்கா பற்றி மருத்துவரிடம் கேட்காமல் வர வேண்டாம். பெத்தேன் காட்டில் மணல் ஈயும் உண்டு. அந்தி முதல் விடியல் வரை கடிக்கும், லீஷ்மேனியா ஒட்டுண்ணியைப் பரப்பும். அது உண்டாக்கும் புண் கோந்துப்பால் இறக்கியவர்களின் காதுமடலை அரித்ததால் அந்தப் புண்ணுக்கு அவர்கள் பெயரையே வைத்தார்கள். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து ஆறாத புண் ஒன்று தோலில் தெரிந்தால், பெத்தேன் காட்டுக்குப் போய்வந்தோம் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதை நிரலின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுங்கள். சொல்லாவிட்டால் டொரன்டோ மருத்துவருக்கு அது தோன்றவே தோன்றாது.

ஊளைக்குரங்கின் குரலைப் பற்றி முன்கூட்டியே சொல்லாமல் அழைத்துப்போகாதீர்கள். கிலோமீட்டர் கணக்கில் கேட்கும் உறுமல் அது. புலி வந்துவிட்டது என்று சின்னக் குழந்தைகள் நடுங்கிப்போகும். கோவாட்டிகள், அங்கே பிசோத்தே என்பார்கள், வரிவாலை நிமிர்த்திக்கொண்டு கூட்டமாக வரும். முறுக்குப் பொட்டலத்தின் சரசரப்புக்கே ஓடிவந்து பையைப் பறிக்கும். ஊட்டக் கூடாது. கடித்தால் சோப்பும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். வெளவால் இருக்கும் இருட்டறைகளில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவது வேண்டாம். எச்சத்தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கும். பாம்புகளில் கவனிக்க வேண்டியது மஞ்சள்தாடை விரியன், உள்ளூரில் பார்பா அமாரியா. சருகோடு சருகாகக் கிடக்கும். இருட்டும் நேரத்தில்தான் நடமாட்டம். பாதையை விட்டு இறங்காமலும், கல்லிலோ விழுந்த மரத்திலோ பார்க்காமல் உட்காராமலும் இருந்தால் பெரும்பாலும் போதும். கடித்துவிட்டால் கட்டுப்போடவோ கீறவோ உறிஞ்சவோ கூடாது. வளையல், மோதிரம், கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும். வீக்கம் ஏறினால் அவையே சதையை நெரிக்கும். அசையாமல் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போக வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே, உள்ளே நடக்கும் நாளில் பெண்குழந்தைகளுக்கு நகை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. வாசலருகே உணவகங்கள் உண்டு. உள்ளே எதையும் நம்ப வேண்டாம். சைவக் குடும்பங்களுக்குச் சோறு, சோளத் தோர்த்தியா, வாழை கிடைக்கும், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டையும். கறுப்புப் பயறு மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது உண்டு. 'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று மட்டும்தான் பொருள், 'சின் மந்தேக்கா' (கொழுப்பு இல்லாமல்) என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டிக்குப் பெரிய முற்றமும் அருங்காட்சியகமும் போதும். கோயில் உச்சி வேண்டியதில்லை. முதலாம் கோயிலுக்கு அடியில் புதைக்கப்பட்ட ஹசாவ் சான் கவீல் அரசரின் கல்லறையைப் போலச் செய்துவைத்த மாதிரி வடிவம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வழிகாட்டி, குவாத்தமாலா சுற்றுலாக் கழகமான இங்குவாட் அளித்த அடையாள அட்டை வைத்திருப்பவராக இருக்கட்டும். பானை ஓடு, தீக்கல் துண்டு எதையும் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது, அது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

ஒரு இரவு கொடுக்கவே முடியாத நிரல் என்றால் டிக்காலை விட்டுவிடுங்கள். பெலீஸில் தங்கும் குடும்பத்தை சான் இக்னாசியோ ஊருக்குள்ளேயே குன்றின்மேல் இருக்கும் காஹால் பெச்சுக்கு அழைத்துப்போங்கள். மர நிழல், சின்ன முற்றங்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடியும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு மோப்பான் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஷூனான்துனிச், அங்கே 'கோட்டை' என்று பெயர்பெற்ற சுமார் 40 மீட்டர் பிரமிடு. ஃப்ளோரெஸில் இருப்பவர்களுக்கு ஏரிக்கரை யாஷா, பிற்பகலில் மட்டும். ஏரியில் முதலை உண்டு, கால் நனைக்கவும் விடாதீர்கள். அரைகுறையாகப் பார்த்த டிக்காலை விட முழுதாகப் பார்த்த காஹால் பெச் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மேல்.

மார்ச் பள்ளி விடுமுறை நிரல்களை நவம்பரிலேயே விற்கத் தொடங்கிவிடுவீர்கள். பூங்காவுக்குள் தங்குமிடங்கள் மூன்றே மூன்று, அறைகள் கொஞ்சம். அந்த வாரத்துக்கு முதலில் நிரம்புவது அவைதான். அங்கே இடமில்லை என்றால் ஏரியோரத்து எல் ரெமாத்தே கிராமத்தில் தங்கவையுங்கள். டிக்காலுக்கு அங்கிருந்து முக்கால் மணி நேரம், 6 மணி வாசலுக்கு 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். எப்படியானாலும் முதலில் அறையைப் பிடியுங்கள், பிறகு விமானச் சீட்டை எடுங்கள். வரிசையை மாற்றினால் அந்தக் குடும்பம் மறுபடியும் காலை 10 மணிக்குத்தான் வாசலில் நிற்கும்.

இப்படிக்கு,
மாயா நகரங்களுக்குக் குடும்பப் பயணத் திட்டம் எழுதித் தருபவர்கள் சிலர்